நாங்கள் தின்ற உள்ளான்

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் அடித்துவிட்டு நேற்றுதான் ஓய்ந்தது. வயலில் தண்ணீர் நிற்கிறது. வடிந்தால்தான் களை எடுக்க இறங்க முடியும். இந்த மாதிரி நாளில் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கோடியக்கரைக்குப் போய்விடுவேன். வீட்டில் கேட்டால் மீன் வாங்கப் போகிறேன் என்பேன். மீனும் வாங்குவேன், பொய் கிடையாது. ஆனால் மீன் வாங்க மூணு மணி நேரம் ஆகாது என்று அவளுக்கும் தெரியும்.

பறவை பார்க்கத்தான் போகிறேன். ஐம்பது வயசை ஒட்டி வந்த பழக்கம். ஊரில் சிலர் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஏன் இந்தப் பழக்கம் வந்தது என்று இதுவரை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இன்றைக்கு எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

1983. நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு மூணு மா மானாவாரி நிலம்தான். வேதாரண்யம் பக்கம் ஆறு வந்து பாயாது, வானம் பார்த்த பூமி. ஐப்பசியில் மழை வந்தால்தான் ஏர் ஓடும். ஆடி, ஆவணி, புரட்டாசி மூணு மாசமும் வீட்டில் அடுப்பு எரிகிறதே பெரிய விஷயம். அந்த மாசங்களில் அப்பா விடியுமுன் சதுப்புக்குப் போய் நைலான் நரம்பில் கண்ணி வைப்பார். சரணாலயம் என்று 1967-லேயே அறிவித்துவிட்டார்கள். தப்பு என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் விடியுமுன் போனார். பெரிய பறவை மாட்டினால் விலைக்குப் போகும். சின்னது வீட்டுக்கு. நீள மூக்கோடு சேற்றில் மேய்கிற எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே பேர்தான்: உள்ளான்.

ஒரு நாள் கூடையைக் கவிழ்த்தபோது அண்ணன் கத்தினான். "டேய், இதப் பாருடா, கொலுசு போட்டிருக்கு!"

ஒரு உள்ளான் காலில் சின்ன உலோக வளையம். எழுத்து இருந்தது. ஏழாவது படிக்கிற நான்தான் வீட்டிலேயே இங்கிலீஷ் தெரிந்தவன். எழுத்துக் கூட்டிப் படித்ததில் 'பாம்பே' என்ற வார்த்தை மட்டும் புரிந்தது. பக்கத்தில் ஏதோ நம்பர். அம்மா பயந்துவிட்டாள். "யாரோ பம்பாய்க்காரங்க வளக்குற பறவைங்க, விட்டுருங்க" என்றாள். அது எப்போதோ செத்துப்போயிருந்தது. அப்பா, "வளக்குறவன் இங்க கொண்டாந்து எதுக்கு விடப்போறான், கொழம்ப வை" என்றார். வைத்தாள். ஐந்து பேருக்கு ஏழெட்டுக் குருவி. தின்றோம். ருசியாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வளையத்தை உப்பு வாய்க்காலில் எறியச் சொன்னார் அப்பா. நான் எறியவில்லை. பேனா ரீபிலில் மாட்டிப் பார்த்தேன், மோதிரம் மாதிரி கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. அந்தப் பேனா மை தீர்ந்த பிறகும் ரீபிலோடு டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகுகூட அந்தப் பெட்டியில் பார்த்த ஞாபகம் இருக்கிறது. 2018 நவம்பர் 16, கஜா புயல் விடிகாலையில் எங்கள் ஓட்டு வீட்டின் பாதியைக் கொண்டுபோனது. பின்கட்டு சரிந்து பெட்டி மண்ணுக்குள் போய்விட்டது. தோண்டி எடுத்தபோது பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் கூழ். ரீபிலைத் தேட அன்றைக்கு யாருக்கு மனசு இருந்தது? மாமரம் பதினாலு, தென்னை முப்பதுக்கு மேல் வேரோடு சாய்ந்து கிடந்தன.

மரம் போன மனுஷனுக்கு நேரம் நிறைய இருக்கும். அடுத்த வருஷம் மழைக்காலத்தில் பறவை ஆராய்ச்சிக்கு என்று ஒரு பெண் வந்தது. என் மகள் வயசு. முக்காலி, தொலைநோக்கி எல்லாம் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கத் துணைக்கு ஆள் தேடியது. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு நான் போனேன். சம்பளத்துக்குப் போனதுதான், பறவை மேல் ஆசையால் இல்லை.

பத்து இருபது நாள் பழகின பிறகு ஒருநாள் வளையம் கதையைச் சொன்னேன். திட்டும் என்று நினைத்தேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்தப் பறவை ஐயா?" என்று கேட்டது.

"உள்ளான் பாப்பா."

"உள்ளான்ல எது?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகுதான் அது விளக்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் பல வருஷமாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, எடை போட்டு, அளவெடுத்து, காலில் வளையம் மாட்டி விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நம்பரும் பதிவேட்டில் இருக்கும். வளையத்தோடு அது எங்கேயாவது திரும்பக் கிடைத்தால்தான் எங்கிருந்து எங்கே போகிறது, எத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறது என்று தெரியவரும். ஆயிரக்கணக்கில் மாட்டினால் திரும்ப வரும் தகவல் ரொம்பக் கொஞ்சம். அப்படி வந்த ஒன்றைத்தான் நாங்கள் குழம்பு வைத்திருக்கிறோம். "நம்பர் இருந்தா அன்னைக்கே ஒரு கார்டு போட்டிருக்கலாம்" என்று வருத்தமாகச் சொன்னது. "சரி விடுங்க. பறவையோட பேராச்சும் தெரிஞ்சா பாதிக் கதை கிடைக்கும்."

அந்தப் பாதிக் கதைக்காகத்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

முதலில் கடற்காகம். அதுதான் சுலபம் என்றது பாப்பா. சுலபமா? நீங்கள் மெரினாவிலோ எங்கேயோ வெள்ளையாக ஒன்று பறந்தால் கடல்புறா என்று போட்டோ பிடிப்பீர்கள். நாங்களும் கடற்காக்கா என்று முடித்துக்கொள்வோம். அதில் பாதி கடற்காகமே இல்லை, ஆலா. ஆலாவுக்குக் கால் குட்டை, நடக்கவே பிடிக்காது. வால் பிளந்திருக்கும், தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து மீன் எடுக்கும். கடற்காகம் அப்படிக் கஷ்டப்படாது. தண்ணீரில் மிதக்கும், மணலில் நடக்கும், வலையை உதறும் இடத்தில் வந்து நிற்கும். ஐப்பசிக்கு மேல் வெளியூர் மீனவர்கள் இங்கே வந்து குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். கடற்காகமும் கணக்காக அதே நேரத்துக்கு வந்துவிடும். ஆலாவிலே ஒன்று மட்டும் கடற்காகத்தை விடப் பெரிசு, மூக்கு காரட் மாதிரி சிவந்து தடித்திருக்கும். அதுதான் காஸ்பியன் ஆலா. அது ஒன்றை மட்டும் நான் முதல் நாளே கற்றுக்கொண்டேன்.

இங்கே அதிகம் வருவது பழுப்புத்தலைக் கடற்காகம். பேர் வைத்தவரைக் கண்டால் கேட்க வேண்டும். இங்கே இருக்கும் மாசங்களில் முக்கால்வாசிக்குத் தலை பழுப்பாகவே இருக்காது, வெள்ளையாகத்தான் இருக்கும். கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு பொட்டு, அவ்வளவுதான். ஊருக்குத் திரும்புகிற சமயத்தில்தான் தலை நிறம் ஏறும். கருந்தலைக் கடற்காகத்துக்கும் அதே பொட்டு, அதே சிவந்த கால், அதே சிவந்த மூக்கு. கண்ணைப் பார்க்க வேண்டும். வளர்ந்த பழுப்புத்தலைக்குக் கண் வெளுத்திருக்கும், முறைக்கிற மாதிரி இருக்கும். கருந்தலைக்குக் கண் கறுப்பு, சாதுவாகத் தெரியும். ஆனால் இளசாக இருந்தால் பழுப்புத்தலைக்கும் கண் கறுப்பாகத்தான் இருக்கும். அப்போது பறக்க விட்டுச் சிறகு நுனியைப் பார்க்க வேண்டும். பழுப்புத்தலைக்கு நுனி அகலமாகக் கறுத்திருக்கும், வளர்ந்ததாக இருந்தால் அந்தக் கறுப்புக்குள் வெள்ளைச் சன்னல் திறந்த மாதிரி இருக்கும். கருந்தலைக்குச் சிறகின் முன்விளிம்பு பட்டையாக வெள்ளை.

இன்னொரு விஷயம். இந்தப் பழுப்புத்தலை கடலில் பிறந்த பறவையே இல்லை. லடாக், திபெத் பக்கம் மலை மேல் இருக்கிற ஏரிகளில் முட்டையிடுகிறது. பேர் கடற்காகம், பிறப்பு மலையில்.

பெரிய கடற்காகங்களைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். அவை முழு நிறம் பெற நாலு வருஷம் ஆகும், ஒவ்வொரு வருஷமும் வேறு சட்டை. அதில் எனக்கு இன்னும் தடுமாற்றம்தான். பாப்பாவே சில நாள் உதட்டைப் பிதுக்கும்.

கடற்காகம் பழகின பிறகு சேற்றுக்குப் போனோம். அங்கேதான் எனக்குக் கண் கட்டியது. நூறு, இருநூறு என்று மேய்கிறது. எல்லாம் சாம்பல், எல்லாம் பழுப்பு. ஆனால் ஒரு வாரத்தில் எனக்கு ஒன்று பிடிபட்டது. நிறத்தைப் பார்க்கக் கூடாது, வேலை செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். ஆள் முகம் தெரியாத தூரத்தில் வயலில் யார் நிற்கிறார்கள் என்று நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? அவன் மண்வெட்டி பிடிக்கிற தோரணையை வைத்துத்தானே.

உப்புக்கொத்தி என்று ஒரு கூட்டம். மூக்கு குட்டை, கண் பெரிசு. கண்ணால் பார்த்து வேலை செய்கிறது. நாலடி ஓடும், டக்கென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கோழிக்குஞ்சு ஈசலைத் துரத்துவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். உள்ளான் வேறு ரகம். அது மூக்கு நுனியால் சேற்றுக்குள் தடவித் தேடுகிறது. தலையை நிமிர்த்தாது. நடவு நடுகிற பெண்கள் வரிசையாக, பின்னால் போவதற்குப் பதில் முன்னால் போனால் எப்படி இருக்கும், அப்படி. இதிலேயே மணலில் அலை வர வர ஓடி, அலை போகப் போகத் துரத்தி மேய்கிற ஒரு வெள்ளை உள்ளான் உண்டு. கல்லையும் சிப்பியையும் மூக்கால் புரட்டிப் பார்க்கிற ஒன்றுக்குப் பேரே கல்திருப்பி. ஒரே சேற்றில் எத்தனை வகை மேய்ந்தாலும் சண்டை குறைவு. மூக்கு நீளம் வேறு வேறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழத்தில் எடுக்கிறது. அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலத்தில்கூட இந்த ஒழுங்கு கிடையாது.

இப்போது எங்கள் பறவைக்கு வருகிறேன். எனக்கு நிச்சயமாக ஞாபகம் இருப்பது ஒன்று. அம்மா அதைக் கையில் தூக்கி, "மூக்கப் பாரு, கோணி ஊசி மாதிரி" என்றாள். சாக்குத் தைக்கிற கோணி ஊசியைப் பார்த்திருப்பீர்கள், நுனிப்பக்கம் லேசாகக் கீழே வளைந்திருக்கும். இதைச் சொன்னதும் பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தது. உப்புக்கொத்தி அடிபட்டுப் போயிற்று. மூக்கு நேராக இருக்கிற கொசு உள்ளானும் போயிற்று. மூக்கு வளைந்த கோட்டான்கள் பெரிய உருப்படி, அவை வீட்டுக் குழம்புக்கு வந்திருக்காது, விலைக்குப் போயிருக்கும். டன்லின் என்று டயர் கம்பெனி மாதிரிப் பேருள்ள ஒன்று உண்டு, அது இந்தப் பக்கம் வருவது அபூர்வம். மிச்சம் நின்றது வளைமூக்கு உள்ளான்.

அண்ணனிடம் போனேன். அவன் இப்போது ஆயக்காரன்புலம் பக்கம் இருக்கிறான்.

"அண்ணே, அந்தக் கொலுசு போட்ட உள்ளானுக்குக் கால் என்ன நெறம்?"

"செவப்பு" என்றான், யோசிக்காமல்.

எனக்குத் திக்கென்றது. சிவந்த கால் என்றால் பவளக்காலி. அதற்கு மூக்கு நேர். அம்மா சொன்ன கோணி ஊசி பொய்யாகிவிடும். எனக்கு ஞாபகத்தில் கால் கறுப்பு. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "நாந்தானடா மொதல்ல பாத்தேன். செவப்பு இருந்திச்சு, எனக்கு நல்லாத் தெரியும்." இரண்டு மாசம் இதே சண்டை. அண்ணி, "தின்னு செமிச்சு நாப்பது வருசமாச்சு, இப்ப என்ன பஞ்சாயத்து" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இதை பாப்பாவிடம் சொன்னபோது அது இரண்டு கேள்வி கேட்டது. வளையம் ரீபிலில் ஆடியதா, இறுக்கமாக உட்கார்ந்ததா? இறுக்கமாகத்தான் என்றேன். பவளக்காலிக்குக் கால் தடிமன், அதற்கு மாட்டுகிற வளையமும் பெரிசு, ரீபிலில் கழன்று ஓடும் என்றது. அடுத்த கேள்வி, எந்த மாசம்? ஆவணி. பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினக் கொடியேற்றி ஒன்றிரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

அப்போதுதான் அது தன் போனில் ஒரு போட்டோ காட்டியது. ஆகஸ்டில் எடுத்த வளைமூக்கு உள்ளான். முதுகு சாம்பல், கால் கறுப்பு. ஆனால் நெஞ்சிலும் வயிற்றிலும் திட்டுத் திட்டாகச் செங்கல் நிறம். இது முட்டையிடும் காலத்தில் முழுக்கச் சிவந்து போகும் பறவையாம். இங்கே மார்கழி, தையில் பார்க்கும்போது சாம்பலாக இருக்கும். சித்திரையில் கிளம்பும்போது சிவக்க ஆரம்பிக்கும். ஆவணியில் திரும்பும்போது அந்தச் சிவப்பு இன்னும் முழுசாக உதிர்ந்திருக்காது.

அண்ணன் பார்த்த சிவப்பு காலில் இல்லை, வயிற்றில். அவன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. இதை அவனிடம் சொன்னால், "கால்தான்" என்கிறான் இன்னும்.

பேர் கிடைத்தது. பாதிக் கதை கிடைக்கும் என்று பாப்பா சொன்னதே, அந்தக் கதை இதுதான். வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது ரஷ்யாவில், சைபீரியாவின் வடக்கு ஓரத்தில், மரமே முளைக்காத பனிநிலத்தில். இங்கிருந்து சுமார் 7000 கிலோமீட்டர். பறவை எடை ஐம்பது அறுபது கிராம், ஒரு கோழிமுட்டை அளவு. தாய் தகப்பன் முன்னால் கிளம்பி வந்துவிடும், அந்த வருஷத்துக் குஞ்சுகள் பிறகு தாமாகவே வழி கண்டுபிடித்து வரும். அதனால் ஆவணியிலேயே வந்தது வளர்ந்த பறவை. வளையம் பம்பாய்க்காரர்கள் மாட்டியது. அப்படியென்றால் முந்தின ஏதோ ஒரு வருஷம் அது இந்தியாவில், பெரும்பாலும் இதே கோடியக்கரையில், பிடிபட்டு வளையத்தோடு விடப்பட்டு, சைபீரியா போய், பழைய சேற்றையே தேடித் திரும்பி வந்திருக்கிறது. வந்து இறங்கிச் சில நாள்தான் ஆகியிருக்கும்.

அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அப்பா இறந்து பல வருஷம் ஆகிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஆவணியில் அந்தச் சட்டியில் வேறு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏழாவது படித்தவன் கையில் நம்பர் இருந்ததே. வாத்தியாரிடம் காட்டியிருக்கலாம். போலீஸ் வரும் என்ற பயத்தில் காட்டவில்லை. கார்டு அப்போது பதினைந்து பைசா.

என் சின்ன வயசில் சதுப்பில் உள்ளான் எழும்பினால் புகை கிளம்பிய மாதிரி இருக்கும். இப்போது அப்படி இல்லை. 2024-இல் உலக அளவில் இந்தப் பறவையை அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் ஒரு படி மேலே ஏற்றியிருக்கிறார்கள். பாப்பா படிப்பு முடித்துப் போய்விட்டது. பழைய தொலைநோக்கி ஒன்றை என்னிடம் விட்டுவிட்டுப் போயிற்று, எட்டு மடங்கு காட்டும். ஜனவரியில் நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு நானும் போகிறேன். என் எழுத்து கோணல் என்றாலும் எண்ணிக்கை தப்பாது. மாடு எண்ணிப் பழகிய கண்.

இன்று காலை அண்ணன் மீன் வாங்க வந்திருந்தான். அவனையும் ஏற்றிக்கொண்டு போனேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நின்றால்தான் நிறம் தெரியும் என்று சொல்லி, சேற்று ஓரம் நிற்க வைத்தேன். வளைமூக்கு உள்ளான் நாற்பத்து மூன்று. இந்த மாசத்தில் சிவப்பு எதிலும் இல்லை, எல்லாம் சாம்பல். ஒன்று எழும்பிப் பறந்தபோது வாலுக்கு மேலே வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. அண்ணன் ரொம்ப நேரம் தொலைநோக்கியை இறக்கவில்லை.

"இவ்வளவு சின்னதாடா அது?" என்றான்.

"ஆமாண்ணே."

"அன்னைக்கு நாம அஞ்சு பேரு."

காலெல்லாம் பார்த்தான். கறுப்பாக இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கிலோ மடவை வாங்கிக்கொண்டோம்.